ஆவணியில் பால் காய்ச்சிய வீடு

1

என் தங்கச்சி மகன் ரவி போன வாரம் போன் போட்டான். சிங்கப்பூருக்கு வந்து கொஞ்ச வருஷம்தான் ஆகிறது. நிரந்தரவாசம் கிடைத்துவிட்டது. மறுவிற்பனைக்கு வந்த அடுக்குமாடி வீடு ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறான்.

"மாமா, கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி என்னென்ன பாக்கணும்னு நீங்க சொன்னா போதும். நெட்டுல ஆளுக்கு ஒண்ணு சொல்றான்."

நெட்டில் சொல்கிறவன் எத்தனை வீட்டுக்குத் தரை போட்டிருப்பான்? நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து கட்டுமான வேலைக்கு வந்தேன். நாங்கள் தேக்கா என்று சொல்லும் லிட்டில் இந்தியாவில், ஒரு கடைவீட்டு மாடியில், ஒருவன் எழுந்தால்தான் இன்னொருவன் படுக்க முடியும் என்கிற அறையில் கிடந்தேன். தரைக்கும் சுவருக்கும் ஓடு ஒட்டக் கற்றேன். பிறகு நானே வேலையைக் குத்தகைக்கு எடுத்தேன், லாரி வாங்கினேன், என்னிடம் ஆட்கள் வேலை பார்த்தார்கள். இன்ஜினியர் படித்தவர்களே "சிங்காரம் அண்ணன் வந்து பாக்கட்டும்" என்று காத்திருந்த காலம் உண்டு. என் பேருக்கும் என் மகள் பேருக்குமாக இந்த ஊரில் நாலு வீடு வாங்கியிருக்கிறேன். எதிலும் யாரும் என்னை ஏமாற்றியதில்லை.

ரவிக்குச் சொன்னதை இங்கே எல்லாருக்குமாக எழுதிவிடுகிறேன். ஒன்றை மட்டும் அவனிடம் சொல்லவில்லை. இந்த ஆடி அமாவாசை வந்து போன பிறகு, அதையும் சேர்த்து எழுதினால்தான் கணக்கு நேராகும் என்று படுகிறது.

2

முதல் தவறு, வீட்டை ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு மயங்குவது. ஏஜென்ட் உங்களை வெயில் தாழ்ந்த பிறகுதான் கூட்டிப்போவான். அப்போது எந்த வீடும் குளுகுளுவென்றுதான் இருக்கும். உச்சி சாய்ந்த வெயிலில் ஒரு நாள் போங்கள், படுக்கையறைச் சுவரில் கை வைத்துப் பாருங்கள். தோசை சுடலாம் போலிருந்தால் அது மேற்கு பார்த்த சுவர். நல்ல மழையில் ஒரு நாள் போங்கள். எந்த ஜன்னல் அழுகிறது என்று தெரியும்.

எல்லாரும் தரையைப் பார்க்கிறார்கள், மேலே பார்ப்பதில்லை. குளியலறைக் கூரையில் மஞ்சளாய் ஒரு வட்டம் இருந்தால் மேல்வீட்டுத் தண்ணீர் இறங்குகிறது என்று அர்த்தம். அதை அடைக்க மேல்வீட்டுக்காரர் மனசு வைக்க வேண்டும். அவர் மனசு வைப்பதற்குள் உங்கள் பிள்ளைக்குக் கல்யாணம் ஆகிவிடும்.

அப்புறம், தட்டிப் பார்ப்பது. என் சட்டைப்பையில் பழைய ஐம்பது காசு ஒன்று எப்போதும் கிடக்கும். அதன் விளிம்பால் தரை ஓட்டைத் தட்டினால் கெட்டியாய்ச் சத்தம் வர வேண்டும். பொத்தென்று வந்தால் அடியில் காற்று. என்றைக்காவது ஒரு பகலில் அது பட்டென்று வெடித்துக் கிளம்பும். சுவர்களையும் எண்ணிக்கொள்ளுங்கள். முந்தைய ஆள் அனுமதி இல்லாமல் ஒரு சுவரை இடித்திருந்தால் அது உங்கள் தலையில்தான் விடியும்.

முன்பணம் கொடுத்து வீட்டைப் பிடித்து வைத்துவிட்டு, அப்புறம் வங்கிக்கு ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். வங்கி எவ்வளவு தரும் என்று முதலில் கேளுங்கள். அந்த அடுக்குமாடிப் புளோக்கில் எந்த இனத்தாருக்கு எவ்வளவு இடம் என்று ஒரு விகிதம் உண்டு. இந்தியருக்கான இடம் நிறைந்துவிட்டால் நீங்கள் ராஜாவானாலும் வாங்க முடியாது. அதையும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, முகம் காட்டுவது. வீடு பிடித்துவிட்டது என்பதையோ, விற்கிறவரைத் தெரியும் என்பதையோ முகத்தில் காட்டினால் அதற்கப்புறம் விலையில் ஒரு வெள்ளி, ஒரே ஒரு டாலர்கூடக் குறையாது. இந்த வித்தையில் என்னை யாரும் மிஞ்ச முடியாது என்று நினைத்திருந்தேன்.

3

என் மனைவி கமலம், சுவா சூ காங் பகுதியில் இருந்த எங்கள் வீட்டில், சமையலறை வாசலில் ஒரு காலை நேரம் சாய்ந்தாள். எழுந்திருக்கவில்லை. சாம்பலைச் சாங்கிக் கடலில் கரைத்தோம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நான் தனியாக இருந்தேன். சமைத்தேன், துணி துவைத்தேன், பெருமையாகத்தான் இருந்தேன்.

என் மகள் மல்லிகாதான் யோசனை சொன்னாள். "அப்பா, உங்க வீட்டையும் குடுத்துருவோம், எங்க வீட்டையும் குடுத்துருவோம். சேர்த்து ஒரே பெரிய வீடா வாங்கிரலாம். நீங்களும் எங்ககூட இருப்பீங்க."

தேக்காவுக்கு நடந்து போகிற தூரத்தில் இருந்தால் வருகிறேன் என்றேன். அப்படித்தான் ஃபேரர் பார்க் பக்கம் ஒரு பழைய புளோக்கில் அந்த வீட்டைப் பார்க்கப் போனோம்.

கூடத்தின் மேற்குச் சுவரை ஒட்டிச் சிவப்பு நிறத்தில் ஒரு சாமி மேடை. சீன வீடுகளில் இருக்குமே, அந்த மாதிரி. இரண்டு பக்கமும் சிவப்பு மின்விளக்கு, ஒரு தட்டில் ஆரஞ்சுப் பழம், ஊதுபத்திக் கலயம். நடுவில் ஒரு ஆளின் படம். அந்த முகம் எனக்குத் தெரியும்.

தேக்கா சந்தை மீன்காரர்!

தேக்காவில் மீன் வாங்கிய பழைய ஆட்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, சீன முகத்தை வைத்துக்கொண்டு, அச்சு அசல் தமிழில் கூவுவார். கமலம் ஞாயிற்றுக்கிழமைதோறும் அவரிடம்தான் நிற்பாள். அவளைத் தங்கச்சி என்பார்.

"தங்கச்சி, வஞ்சிரம் இப்பதான் கடல்ல இருந்து வந்துச்சு. பொய் சொன்னா என் பேர மாத்திக்கோ."

"உன் பேரு என்னன்னே தெரியாது, எதை மாத்துறது? மீன் கண்ணைப் பாரு, எவ்வளவு மங்கலா இருக்கு."

"ஐயோ தங்கச்சி, கல்யாணத்துல இருந்து என் கண்ணும்தான் மங்கல். என்னை யாரும் திருப்பிக் குடுக்கலையே!"

பையோடு பின்னால் நிற்கும் எனக்கு, இவள் எப்போது பேரம் முடிப்பாள் என்று கால் கடுக்கும்.

அவர் போய்விட்டது எனக்குத் தெரியாது. படத்தின் கீழே அவருடைய மனைவி நாற்காலியில் உட்கார்ந்து பயற்றுமுளையின் வாலைக் கிள்ளிக்கொண்டிருந்தார். வயதான சீனப் பெண்களை நாங்கள் ஆ சோ என்று கூப்பிடுவோம். ஆ சோவுக்குத் தமிழ் தெரியாது, ஆங்கிலம் தெரியாது. எனக்குச் சீனம் தெரியாது. இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது அந்தக் காலத்துச் சந்தை மலாய்தான். என் பேத்தி நிலா அதைக் கேட்டுவிட்டு, "தாத்தா, அது மலாயே இல்ல லா, ஸோ பேட்" என்பாள்; வாக்கியத்துக்கு வாக்கியம் லா போடுவது இந்த ஊர்ப் பிள்ளைகள் பழக்கம். அந்த பேட் மலாயில்தான் நான் இந்த ஊரில் பாதிச் சம்பாத்தியத்தைப் பேசி முடித்தேன்.

மீன்காரரைத் தெரியும் என்று அன்றைக்கு நான் முகத்தில் காட்டவில்லை. காசை எடுத்து ஓட்டைத் தட்டிக்கொண்டே மேடையைக் கடந்து போனேன். விலை படிந்தது.

4

வீடு மாறுகிற தேதியில்தான் வந்தது வினை.

நமக்கு ஆடியில் புதுவீடு புகக் கூடாது. ஆவணியில் புகலாம். ஆவணியை விட்டால் புரட்டாசி வந்துவிடும், அதிலும் கூடாது. பிறகு ஐப்பசிதான். கடல் தாண்டி வந்தாலும் இதை மாற்றிக்கொள்ள நம் ஆட்கள் தயாரில்லை. நானும் தயாரில்லை.

சீனர்களுக்கு ஏழாம் மாதம் என்று ஒன்று உண்டு. அந்த மாதம் கீழுலகத்தின் கதவைத் திறந்துவிடுவார்களாம். செத்தவர்கள் வெளியே வந்து ஊரைச் சுற்றி, அவரவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, மாதக் கடைசியில் திரும்பிப் போவார்களாம். புளோக்குக்குக் கீழே தகரத் தொட்டியில் காகிதப் பணத்தை எரிப்பார்கள். பாட்டுக் கச்சேரி மேடை போடுவார்கள். முன்வரிசை நாற்காலி எல்லாம் காலியாக இருக்கும். இந்த ஊருக்கு வந்த புதிதில் நான் போய் அதில் ஜம்மென்று உட்கார்ந்துவிட்டேன். கூட வந்தவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தான். "டேய், அது அவங்க சீட்டுடா!" எவங்க என்று கேட்டு, விவரம் தெரிந்து, சட்டையில் ஏதாவது ஒட்டிக்கொண்டு வந்துவிடுமோ என்று பயந்து, இரண்டு நாள் சட்டை போடாமல் திரிந்தேன்.

அந்த மாதம் அமாவாசையை ஒட்டிப் பிறக்கும். முக்கால்வாசி வருஷங்களில் அது நம் ஆடி அமாவாசையோடு ஒட்டிக்கொண்டேதான் வரும். நாம் முன்னோருக்குப் படைக்கிற நாளில்தான் அவர்கள் கதவைத் திறக்கிறார்கள். யார் யாரைப் பார்த்து வைத்தார்களோ தெரியாது. போன வருஷம் அமாவாசை ஆடியின் கடைசியில் வந்தது. எங்கள் ஆவணி ஏறக்குறைய முழுவதும் அவர்களுடைய ஏழாம் மாதத்துக்குள் போய் விழுந்துவிட்டது.

சாவி கைமாறுவதற்குச் சில நாள் முன்னால் கடைசியாக வீட்டைப் பார்க்கப் போனோம். இதையும் தவறவிடாதீர்கள். குழாய், விளக்கு, கதவுப் பூட்டு எல்லாம் சொன்னபடி இருக்கிறதா என்று பார்க்க அதுதான் கடைசி வாய்ப்பு. வீடு காலியாகிக்கொண்டிருந்தது. சுவர் ஓரமாய்ப் பெட்டிகள். மேடை மட்டும் அப்படியே இருந்தது, சிவப்பு விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

ஆ சோவின் மகளும் மல்லிகாவும் சமையலறையில் வெந்நீர் இயந்திரத்தைப் பற்றி ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆ சோ என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். என்னைத் தவுக்கே என்றார். முதலாளி என்று அர்த்தம். எனக்கு அது பிடித்திருந்தது.

"தவுக்கே, ஒரு மாசம் குடு. ஒரே மாசம்."

"எதுக்கு ஆ சோ?"

"கதவு தொறந்துட்டாங்க. அவரு வெளிய வந்துட்டாரு. இங்க அங்க சுத்துறாரு. பசிச்சா வீட்டுக்கு வருவாரு. நான் இப்ப போயிட்டா, வந்து யாரைக் கூப்பிடுவாரு? மாசம் முடியட்டும். அவருகிட்ட சொல்லிக் கையோட கூட்டிட்டுப் போயிடறேன்."

வாங்குகிறவர் சம்மதித்தால், விற்றவர் சாவி கொடுத்த பிறகும் கொஞ்ச காலம் தங்கலாம். விதியிலேயே அதற்கு இடம் உண்டு. என் சம்மதம்தான் பாக்கி. ஆனால் எங்கள் இரண்டு வீட்டையும் வாங்கினவர்கள் சாவிக்குக் காத்திருந்தார்கள். ஒரு மாதம் கொடுத்தால் ஆவணி போய்விடும். ஆவணி போனால் ஐப்பசி வரை நாங்கள் எல்லாரும் வாடகை அறையில் கிடக்க வேண்டும்.

"எனக்கும் மாசம் இருக்கு ஆ சோ" என்றேன். என் மாதக் கணக்கை விளக்கினேன்.

பொறுமையாகக் கேட்டார். "உன் மாசம் உசுரோட இருக்கவங்களுக்கு. உங்களுக்கு அடுத்த மாசம் இருக்கு, அதுக்கு அடுத்ததும் இருக்கு. அவங்களுக்கு வருஷத்துல இது ஒண்ணுதான்."

எனக்குப் பதில் வராமல் இருந்ததே இல்லை. அன்றைக்கும் வந்தது. "செத்தவங்களுக்கு எதுக்கு ஆ சோ அட்ரஸ்? எங்க இருந்தாலும் கண்டுபுடிச்சு வந்துருவாங்க. என் பொண்டாட்டியும்தான் போயிட்டா. அவ செத்த வீட்டுச் சாவியத்தான் நான் குடுக்கப்போறேன். எனக்கு ஒண்ணும் பயமில்லையே."

என்னை நிமிர்ந்து பார்த்தார். "வீடு மாறுறேன்னு அவகிட்ட சொன்னியா?"

நான் சிரித்தேன்.

5

சாவி கைமாறிய அன்று மேடை அங்கே இல்லை. மேற்குச் சுவரில் ஆணித் துளைகளும், கூரையில் ஊதுபத்திப் புகை படிந்த கருப்பும்தான் இருந்தன. ஆ சோவின் மகள் கிறிஸ்துவ மதத்துக்கு மாறியவர். பொங்கோலில் இருக்கும் தன் வீட்டில் மேடை வைக்க முடியாது, படத்தை ஒரு கோயிலில் கொடுத்துவிட்டேன் என்று மல்லிகாவிடம் சொல்லியிருக்கிறார். பெண் மரியாதையானவர். ஒரு குறையும் சொல்ல முடியாது. கீழே இறங்கி வந்தபோது, பழைய சாமான் போடுகிற இடத்தில் கிழிந்த மெத்தைக்கும் துருப்பிடித்த சைக்கிளுக்கும் நடுவில் அந்தச் சிவப்பு மேடை நின்றது. மழை பெய்துகொண்டிருந்தது. சிவப்பு வழிந்து தரையில் ஓடியது.

ஆவணி முகூர்த்தத்தில் பால் காய்ச்சினோம். விடியற்காலையில் வாழைப்பழம், வெற்றிலை, குத்துவிளக்கு எல்லாம் முறையாக. பால் பொங்கியது. எந்தப் பக்கம் பொங்கி வழிகிறது என்று பார்ப்பது நம் வழக்கம். "எந்தப் பக்கம்ப்பா?" என்று மல்லிகா கேட்டாள். கிழக்கு என்றேன். அடுப்புக்குப் பக்கத்தில் நின்றது நான் மட்டும்தான். மேற்குப் பக்கம்தான் வழிந்தது.

பிறகு அந்தக் கூரைக் கருப்பு. ஊதுபத்திப் புகை எண்ணெய்க் கறை மாதிரி. வெறும் சாயம் பூசினால் மறையாது, முதலில் அதைக் கட்டிப்போடுகிற பூச்சு ஒன்று பூச வேண்டும். இதில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். நானே ஏணியில் ஏறிப் பூசினேன். மேலே வெள்ளை அடித்தேன். தைப்பொங்கலுக்குள் மஞ்சளாய் ஒரு வட்டம் எட்டிப் பார்த்தது. திரும்பப் பூசினேன். திரும்ப வந்தது. என் வேலையில் கறை திரும்பி வந்தது என்று இதுவரை ஒரு வாடிக்கையாளர் சொன்னது கிடையாது.

தைக்கு முன்னாலேயே இன்னொன்று நடந்தது. புரட்டாசியில் நாங்கள் கவுச்சி தொடமாட்டோம். அந்த மாதம் ஒரு நாள் பொழுது சாயும் நேரம், கூடத்தில் மீன் வாசனை. சமைத்த மீன் இல்லை. ஐஸ்கட்டியும் உப்பும் கலந்து, சந்தையில் காலையில் அடிக்குமே, அது.

"பக்கத்து வீட்டுலப்பா" என்றாள் மல்லிகா. பக்கத்து வீட்டுக்காரர் அந்த மாதம் முழுக்க ஆஸ்திரேலியாவில் மகன் வீட்டில் இருந்தார். அவளிடம் நான் அதைச் சொல்லவில்லை.

இப்படியாக ஒரு வருஷம் ஓடியது. காலையில் தேக்காவுக்கு நடப்பேன், கோப்பி குடிப்பேன், பேப்பர் வாங்குவேன், பழைய ஆட்களிடம் வீட்டைப் பற்றிப் பெருமை பேசுவேன். மீன் வாங்க மட்டும் வேறு சந்தைக்குப் போனேன்.

6

ஊரில் நடந்த ஒன்று இந்த ஒரு வருஷமாய் அடிக்கடி நினைவுக்கு வருகிறது.

அப்பா இறந்தபோது என்னால் போக முடியவில்லை. அப்போது நான் கூலியாள். பாஸ்போர்ட் முதலாளி கையில். பிறகு சம்பாதித்து, கழுத்தில் சங்கிலியும் கையில் கடிகாரமுமாய் ஊருக்குப் போனேன். பேருந்து நிலையத்தில் தெரிந்த வண்டிக்காரர் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு நேரே எங்கள் வீட்டு வாசலில் கொண்டுபோய் விட்டார். "அம்மா!" என்று கூப்பிட்டுக்கொண்டே செருப்பைக் கழற்றினேன்.

உள்ளேயிருந்து ஒரு பெண் ஈரக்கையோடு வந்தாள். "யாரு வேணும்?"

அண்ணன் அந்த வீட்டை விற்றுவிட்டு அம்மாவோடு வேறு தெருவுக்குப் போயிருந்தான். கடிதம் போட்டானாம். எனக்கு வந்து சேரவில்லை. அந்தப் பெண் நல்லவள்தான், தண்ணீர்கூடக் கொடுத்தாள். ஆனால் நிலைப்படியைத் தாண்டி உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. அவள் ஏன் சொல்ல வேண்டும்? நான் பிறந்த வீட்டின் வாசலில், உள்ளே வேறு யாரோ குழம்பு கொதிக்க வைக்கிற வாசனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கையிலிருந்த கடிகாரம் எதற்கும் உதவவில்லை.

இது எனக்கே நடந்தது. "வந்து யாரைக் கூப்பிடுவாரு?" என்று ஆ சோ கேட்டபோது இது ஏன் என் நினைவுக்கு வரவில்லை என்பதுதான் விளங்கவில்லை.

7

இந்த வருஷம் ஆடி அமாவாசை கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டது; சீனர்கள் கதவைத் திறப்பதும் அன்றைக்கேதான். காலையிலிருந்து விரதம். மல்லிகா லீவு போட்டுச் சமைத்தாள். ஊரில் என்றால் முதல் கவளம் காக்கைக்கு. இங்கே பறவைக்குத் தீனி போட்டால் அபராதம். ஆகவே கமலத்தின் படத்துக்கு முன்னால் இலை போட்டுப் படைத்துவிட்டு, காக்கை வந்ததாக நாங்களே நினைத்துக்கொண்டு சாப்பிட வேண்டியதுதான்.

இலையில் எல்லாம் பரிமாறியாயிற்று. சூடம் கொளுத்தப் போகிறேன். பள்ளிக்கூடம் விட்டு நிலா உள்ளே வந்தாள்.

"தாத்தா, அந்த ஆண்ட்டி டோர்கிட்ட நிக்கிறாங்க."

"எந்த ஆண்ட்டி?"

"இந்த ஹவுஸ் ஓல்ட் ஓனர். ஷி ஆல்வேஸ் கம்ஸ் லா. கீழ பெஞ்ச்ல உக்காந்து மேல பாத்துட்டே இருப்பாங்க. நான் வாட்டர் குடுப்பேன். உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. ஒரு வருஷமாய் நான் அந்தப் பெஞ்சைக் கடந்துதான் தேக்காவுக்குப் போய்வருகிறேன்.

கம்பிக் கதவுக்கு வெளியே ஆ சோ நின்றார். கையில் ஒரு பை. ஆள் பாதியாகியிருந்தார். என்னைப் பார்த்ததும் கும்பிடுவது போல் கை வைத்து, "தவுக்கே, உள்ள வரல. இங்கருந்தே கூப்பிட்டுக்கறேன்" என்றார்.

மல்லிகா என் காதருகில் வந்தாள். "அப்பா, வேணாம்ப்பா. இன்னைக்கு நாளும் அதுவுமா… பிள்ளை இருக்கிற வீடு."

நான் கதவைத் திறந்தேன். "வாங்க ஆ சோ. உங்க வீட்டுக்காரரை எனக்குத் தெரியும். என் பொண்டாட்டி அவருகிட்டத்தான் மீன் வாங்குவா. அவளைத் தங்கச்சின்னுதான் கூப்பிடுவாரு."

ஆ சோ என்னை ரொம்ப நேரம் பார்த்தார். "அன்னைக்கே தெரியுமா?"

"அன்னைக்கே தெரியும்."

ஆ சோ செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கூரையில் இருந்த மஞ்சள் வட்டத்தை நிமிர்ந்து பார்த்தார். விருந்து வீட்டில் தன் ஆளைக் கண்டுபிடித்தவர் போல் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு என்னிடம் இரண்டு காசு கேட்டார். செத்தவரிடம் கேள்வி கேட்கப் போடுகிற மரக்கட்டைகள் மேடையோடு போய்விட்டனவாம். காசும் ஆகுமாம். ஒன்று தலையும் ஒன்று பூவுமாக விழுந்தால் சரி என்று பதில். இரண்டும் ஒரே மாதிரி விழுந்தால் மாட்டேன் என்று பதில்.

சட்டைப்பையில் கை விட்டேன். ஓடு தட்டும் என் ஐம்பது காசும் இன்னொன்றும் வந்தன. கொடுத்தேன்.

மேற்குச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு சீனத்தில் பேசினார். பொங்கோல் என்ற ஒரு சொல் மட்டும் எனக்குப் புரிந்தது. காசைப் போட்டார். இந்தக் கூடத்துக்கு நானே புதிதாய் ஒட்டிய ஓட்டின் மேல் அவை கணீரென்று விழுந்து சுழன்று படுத்தன. இரண்டும் தலை.

மறுபடியும் பேசினார், கொஞ்சம் கெஞ்சலாக. இரண்டும் பூ.

மூன்றாவது முறை கோபமாகவே கேட்டார். ஒரு காசு உருண்டு கமலத்தின் இலைக்கு அருகில் போய் விழுந்தது. நிலா குனிந்து பார்த்தாள். "சேம் லா, தாத்தா."

ஆ சோ மூக்கைத் துடைத்துக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. "மீன்காரன் புத்தி. நல்ல இடம் பிடிச்சுட்டா நகரமாட்டான். மக வீட்டுக்கு வரமாட்டானாம். கோயிலுக்கும் போகமாட்டானாம்." பிறகு என்னைப் பார்த்து, "என்ன செய்யப் போற தவுக்கே? வீடு உன்னுது" என்றார்.

"இருக்கட்டும்" என்றேன். "வாடகை கேக்கமாட்டேன்."

"அப்பா!" என்றாள் மல்லிகா.

"அவரு இருக்கிறாருன்னு உனக்கும் தெரியும்ல? புரட்டாசில பக்கத்து வீட்டுல ஆளே இல்ல."

மல்லிகா கூரையைப் பார்த்தாள், பிறகு ஆ சோவைப் பார்த்தாள். பிறகு சமையலறைக்குப் போய் இன்னொரு இலை கொண்டுவந்து கமலத்தின் இலைக்குப் பக்கத்தில் போட்டாள். "இன்னைக்கு மீன் கிடையாதுன்னு சொல்லுங்கப்பா. சாம்பார்தான்."

நான் மலாயில் சொன்னேன். ஆ சோ, "எதப் போட்டாலும் சாப்பிடுவான்" என்றார்.

கிளம்பும்போது காசுகளை என் கையில் திருப்பிக் கொடுத்தார். என் பெண்டாட்டிக்கும் ஒரு தடவை போட்டுக் கேளுங்கள், இந்த வீட்டுக்கு வந்துவிட்டாளா என்று, எனக்குச் சொல்லுங்கள் என்றேன். என் வாழ்நாளில் யாரிடமும் இந்தக் குரலில் கேட்டதில்லை.

ஆ சோ முடியாது என்று தலையை ஆட்டினார். "என் பாஷை அவளுக்குத் தெரியாது. நீதான் போய்ச் சொல்லணும்."

8

மறுநாள் எம்ஆர்டி ரயில் ஏறி சுவா சூ காங் போனேன். சாவி கொடுத்த நாளுக்குப் பிறகு அந்தப் பக்கம் நான் போனதில்லை.

புளோக்குக்குப் புதுச் சாயம் அடித்திருந்தார்கள். லிஃப்டில் ஏறி, எங்கள் மாடியில் இறங்கி, நடைபாதையில் நின்றேன். கதவின் நிறம் மாறியிருந்தது. வெளியே ஒரு குழந்தையின் சைக்கிள், காயப்போட்ட சின்னச் சின்னத் துணிகள். உள்ளே யாரோ வெங்காயம் வதக்குகிற வாசனை. யாராவது ஈரக்கையோடு வந்து யார் வேண்டும் என்று கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே நின்றேன். யாரும் வரவில்லை.

சமையலறை ஜன்னல் நடைபாதைப் பக்கம்தான். அதன் அருகில் போய், மெதுவாகத்தான் சொன்னேன்.

"கமலம், வீடு மாறியாச்சு. சொல்லாமப் போயிட்டேன். மல்லிகா வீடுதான், தேக்காவுக்கு நடந்து போயிரலாம். எம்ஆர்டில ஃபேரர் பார்க்ல எறங்கணும். புளோக்குக்குக் கீழ ஒரு பெஞ்ச் இருக்கும். லிஃப்ட விட்டு வெளிய வந்தா இடது கைப் பக்கம் கடைசி வீடு. கூடத்துல ஒரு ஆள் இருப்பாரு, பயப்படாத. உனக்குத் தெரிஞ்சவர்தான். மீன்காரர். தமிழ் பேசுவாரு."

கையில் காசு இருந்தது. போட்டுப் பார்க்கவில்லை. எனக்குத் தைரியம் இல்லை.

ரவிக்கு இதையும் சொல்லிவிடுகிறேன். கூரையைப் பார், ஓட்டைத் தட்டு, வங்கியைக் கேள். எல்லாம் பார்த்து முடித்த பிறகு, விற்கிறவரைத் தனியாக உட்கார வைத்து, இந்த வீட்டுக்கு இன்னும் யாராவது திரும்பி வர வேண்டியிருக்கிறதா என்று கேள். நீ விட்டுவிட்டு வருகிற வீட்டிலும், சாவியைக் கொடுப்பதற்கு முன்னால், ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வா.

லிஃப்ட் வந்தது. முக்காடு போட்ட ஒரு மலாய்ப் பெண் உள்ளே இருந்தார், கையில் சந்தைப் பை. நான் ஏறி, கதவு மூடாதபடி பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பெண் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, இன்னும் ஆள் வரவேண்டியிருக்கிறதா ஐயா என்று மலாயில் கேட்டார்.

"ஆமாம்" என்றேன். "கொஞ்சம் மெதுவாத்தான் நடப்பா."

அவர் சுவரோரமாக ஒதுங்கி இடம் விட்டார்.